பதினெட்டு அக்காவின் கால்

கோல்ஃப் மட்டையைக் கையால் தொடாமலே கோல்ஃப் தெரிந்த ஒருவரை உங்களுக்குக் காட்ட வேண்டுமென்றால் எங்கள் அலுவலகத்துக்குத்தான் கூட்டிவர வேண்டும். ஒரு மைதானத்துக்குப் பதினெட்டுக் குழிகள். அப்படி ஐம்பத்திரண்டு மைதானங்களின் ஒவ்வொரு குழியும் அவருக்கு மனப்பாடம். அதனால் பதினெட்டு அக்கா. பெயர் வைத்தது நான்தான். திட்டுவார் என்று பார்த்தால், மறுநாளே போனை எடுத்து "பதினெட்டு பேசறேன், சொல்லுங்க" என்றார்.

எங்களுடையது பயண ஏற்பாட்டு அலுவலகம். கீழே கண்ணாடிக் கடை, நடுவில் ஒரு வக்கீல், மூன்றாவது மாடியில் நாங்கள். நான் ரயில், பஸ், விமான டிக்கெட் போடுபவள். அக்காவுக்கு நான் 'டிக்கெட்டு'. பக்கத்து மேசை அவருடையது. கோல்ஃப் விடுமுறை போகிறவர்களுக்கு நாள் குறித்து, ஓட்டல் பிடித்து, எந்த மைதானத்தில் எப்போது ஆடுவது என்று திட்டம் போட்டுத் தருவது அவர் வேலை. பத்தொன்பது வருடமாக அதே நாற்காலி.

வருகிறவர்கள் எல்லாரும் ஒரே பல்லவிதான் பாடுவார்கள். ஆறு நாள் போகிறோம், ஆறு மைதானம் வேண்டும். அக்கா பேனாவை மூடி வைத்துவிட்டு ஆரம்பிப்பார்.

"ஆறு நாளைக்கு நாலு ஆட்டம் போதும் சார். போய் இறங்குன அன்னிக்கு ஆடவே ஆடாதீங்க. உடம்பு வந்திருக்கும், கை வந்திருக்காது. கஷ்டமான மைதானத்த மூணாம் நாள் வச்சுக்கலாம். அதுக்கு மறுநாள் சும்மா இருங்க. ஷூவ மட்டும் கைப்பையில எடுத்துட்டுப் போங்க. மட்டைப் பை வழியில தங்கிட்டா வாடகைக்கு மட்டை கிடைக்கும், உங்க காலுக்குன்னு ஷூ கிடைக்காது. பைக்குள்ள மட்டைகளவிட ஒரு சாண் உயரமா ஒரு கழி வைங்க. பைய யாராவது தலைகீழா எறிஞ்சா அடிய அது வாங்கிக்கும்."

மனைவி கூட வந்திருந்தால் கணவரைக் காபி இயந்திரத்துப் பக்கம் அனுப்பிவிட்டு அந்த அம்மாவிடம் தனியாகக் கேட்பார். "நீங்க ஆடுவீங்களா? இல்லையா? அப்ப உங்களுக்கு அங்க என்ன வேலை? அத முதல்ல பாத்துடுவோம். இல்லன்னா ரெண்டாம் நாளே ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருப்பீங்க."

குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்லைக் கிரீன் என்பார்கள். வருடத்தில் சில தடவை அதில் ஆயிரக்கணக்கில் ஓட்டை போட்டு மணல் தூவுவார்கள். புல் மூச்சுவிட வேண்டுமாம். அப்புறம் ரெண்டு வாரத்துக்குப் பந்து நேராக உருளாது. அந்தத் தேதியைக் கேட்காமல் அக்கா எவருக்கும் நாள் குறித்ததில்லை. "கேட்டா சொல்லுவாங்க. கேக்காம ஒருத்தனும் சொல்லமாட்டான்" என்பார்.

இத்தனையும் தெரிந்த பதினெட்டு அக்கா ஒரு கோல்ஃப் மைதானத்தைக்கூட நேரில் பார்த்ததில்லை. நாலு வயதில் வந்த காய்ச்சலில் வலது கால் வளராமல் நின்றுவிட்டது. ஒரு பக்கம் உயர்த்திய செருப்பு, கையில் தடி. சமதரையில் நம்மைவிட வேகமாகப் போவார். சரிவு என்றால் நின்றுவிடுவார். முதல் ஒன்பது வருடம் போய்வந்தவர்களைக் கேட்டுக் கேட்டே வேலையை ஓட்டினார். பிறகு தம்பி வந்தான்.

தம்பி அவரைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போன பிறகு அவனைப் படிக்க வைத்து ஆளாக்கியது அக்காதான். எந்த வேலையிலும் ஆறு மாதம் நிலைக்காதவனை முதலாளியிடம் மன்றாடி மைதானங்களைப் பார்த்துவரும் வேலையில் சேர்த்துவிட்டார். "எனக்குப் பதிலா அவன் நடக்கட்டும். அவன்தான் என் கால்" என்று முதலாளியிடம் சொன்னாராம். அதிலிருந்து அவன் படியேறி வந்தால் அலுவலகமே கத்தும்: "அக்கா, உங்க கால் வந்துடுச்சு!"

அவன் கையில் கொடுத்தனுப்ப அக்கா ஒரு கேள்வித்தாள் வைத்திருந்தார். ஆறு பக்கம். கழிப்பறை எத்தனை எட்டு தூரம்? சாயங்காலம் எந்தக் குழியில் வெயில் கண்ணில் அடிக்கும்? ஓட்டலிலிருந்து காலை ஏழு மணிக்கு எத்தனை நிமிடம்? பேட்டரி வண்டி புல் மேல் போகுமா, பாதையில் மட்டுமா? "போன்ல எதக் கேட்டாலும் ஆமான்னுதான் சொல்லுவாங்க. அதான் ஆள் அனுப்புறேன்" என்பார். தம்பி ஒரு வாரம் கழித்து எல்லாவற்றையும் நிரப்பிக்கொண்டு வருவான். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அக்கா அதை எனக்குப் படித்துக் காட்டுவார். ஏழாவது குழிக்குப் போகும் வழியில் ஒரு பெஞ்ச், அதன் இடது கால் ஆடும். பதினோராவது குழியோரம் குட்டை, கல் எறிந்தால் தவளைகள் ஒன்றாக அடங்கும். படிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த மைதானங்களில் அவர் நடந்துகொண்டிருந்தார்.

"ஒரு தடவை உங்க தம்பிகூடப் போய்ட்டு வாங்களேன்க்கா" என்று நான் கேட்டிருக்கிறேன்.

"கேட்டேன்டி. வேணாம்னுட்டான். 'மேடு பள்ளம்க்கா, உன்னால முடியாது, விழுந்து கிழுந்து வச்சா நான் என்ன பண்றது'ன்னான். அவ்ளோ அக்கற அவனுக்கு." சொல்லும்போது பெருமை தாங்கவில்லை அவருக்கு. நானும் தலையை ஆட்டினேன்.

இந்த வருடம் கப்பல்காரர் வந்தார். முப்பது வருடம் கப்பலில் எஞ்சின் பார்த்து ஓய்வு பெற்றவர். இடுப்பு எலும்பு தேய்ந்துபோய் ஒரு பக்கம் சாய்ந்து நடந்தார். அடுத்த மாதம் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு கோல்ஃப் கிடையாது என்று டாக்டர் அடித்துச் சொல்லிவிட்டார். முப்பது வருடமாகச் சேர்ந்து ஆடும் மூன்று நண்பர்களோடு கடைசியாக ஒரு தடவை போய் ஆடிவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

"நாலு ஆட்டம் ஆடணும்மா. ஜெயிக்கணும்னு இல்ல. அவனுங்ககூடப் பதினெட்டும் முடிக்கணும்" என்றார்.

அக்கா அவரை ஒரு மணி நேரம் துருவினார். எவ்வளவு தூரம் நடக்க முடியும், வண்டியிலிருந்து இறங்குவது வலியா, ஏறுவது வலியா, காலையில் அதிகமா, மாலையிலா. ஊர் ஊராக அலையக் கூடாது என்று ஒரே ஓட்டல், ஒரே மைதானம், நாலு ஆட்டம் என்று முடிவு செய்தார். ஐம்பத்திரண்டில் தேடி ஒன்றை எடுத்தார். பழைய அறிக்கையில் சமதரை என்று இருந்தது. அது போதாது என்று தம்பியை மறுபடி அனுப்பினார். "வேற எதையும் பாக்க வேணாம். வண்டி பந்து கிடக்குற இடம்வரைக்கும் போகுமா, சரிவு எங்கயாவது இருக்கா. இது ரெண்டு மட்டும் உன் கண்ணால பாத்துட்டு வா."

போய்வந்தான். பதினெட்டும் சமதரை, வண்டி கிரீன் விளிம்புவரை போகிறது, தானே ஓட்டிப் பார்த்ததாக எழுதியிருந்தான். அக்கா கப்பல்காரருக்குப் போன் செய்து, "தைரியமாப் போங்க சார். இது என் வார்த்தை" என்றார். அவர் அப்படி யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

அவர்கள் கிளம்பிய மூன்றாம் நாள் காலை பத்தரை மணிக்குப் போன் வந்தது. அக்கா சத்தமாக வைத்தே பேசுவார், அதனால் எனக்கும் கேட்டது.

"அம்மா, நான் கிளப் ஓட்டல் ஜன்னல்கிட்ட உக்காந்திருக்கேன். அவனுங்க மூணு பேரும் ஆடப் போயிருக்கானுங்க. போகமாட்டேன்னானுங்க, நான்தான் திட்டி அனுப்புனேன்."

"என்ன சார் ஆச்சு?"

"வண்டி பாதையவிட்டு இறங்கக்கூடாதாம். பந்து ஐம்பது அறுபது எட்டு தள்ளிக் கிடக்குது. ஒவ்வொரு அடிக்கும் நடந்து போய் நடந்து வரணும். நேத்து ரெண்டாவது குழியில உக்காந்துட்டேன். பின்பாதி ஒன்பது குழியும் மலைமேல இருக்கும்மா. ரெண்டு வருஷம் முன்னாடியே மாத்திக் கட்டிட்டாங்களாம். நீங்க சொன்ன பெஞ்சு, குட்டை, ஒண்ணையும் காணோம். உங்க ஆள் எந்த வருஷம் வந்து பாத்தாரு?"

அக்கா "திரும்பக் கூப்பிடுறேன் சார்" என்று வைத்தார்.

இன்னும் மூன்று நாள் இருந்தது. வேறு மைதானத்துக்கு மாற்றிவிடலாம் என்று அக்கா அலமாரியைத் திறந்தார். ஒரு கோப்பை எடுத்தார், புரட்டினார், வைத்தார். இன்னொன்றை எடுத்தார். எல்லாவற்றிலும் அதே கையெழுத்து. ஏழெட்டுக் கோப்பு எடுத்து வைத்த பிறகு அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"எதச் சொல்லி அனுப்புவேன்டி?" என்றார்.

அன்று மதியமே தம்பி வந்தான். சிரித்துக்கொண்டே வந்தான். ஐம்பத்து மூன்றாவது மைதானத்தின் அறிக்கை கையில் இருந்தது. எங்கள் அலுவலகத்தில் ஒருத்தரும் கால் வந்துவிட்டது என்று கத்தவில்லை. அக்கா அறிக்கையை வாங்கி முதல் பக்கத்தைப் படித்தார்.

"இத எங்க உக்காந்துடா எழுதுன?"

"என்னக்கா?"

"எங்க உக்காந்து எழுதுனன்னு கேக்குறேன்."

அவன் என்னைப் பார்த்தான். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். கப்பல்காரர் போன் செய்ததை அக்கா சொன்னதும் கொஞ்ச நேரம் ஏதேதோ உளறினான். வழிமாறிப் போயிருப்பார்கள் என்றான், அந்தக் கிழவருக்கு விவரம் பத்தாது என்றான். அக்கா குறுக்கே பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்ததில் அவனுக்கே வெட்கம் வந்திருக்க வேண்டும்.

"வீட்டுலதான்" என்றான்.

"எத்தன வருஷமா?"

"முதல்ல எட்டு இடம் நிஜமாவே போனேன்க்கா. நடந்தேன், எண்ணினேன், நீ சொன்னதெல்லாம் பண்ணினேன். அப்புறம் பாத்தா எல்லாம் ஒண்ணுதான். புல்லு, குழி, கொடி. விளம்பரப் புத்தகத்துலயே படம் போட்டு வச்சிருக்கான். உனக்கு ஆறு பக்கம் நிரம்பணும். நிரப்பிக் கொடுத்தேன்."

"அந்தப் பெஞ்சு?"

"நீ படிச்சு சந்தோஷப்படுவேன்னு எழுதினது."

எனக்கு எழுந்துபோய் அவனை ஓங்கி ஒன்று விடலாம் போலிருந்தது. காதில் பூ சுற்றுவதிலும் ஒரு அளவு இருக்கிறது. பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தவளுக்கு ஆடும் பெஞ்சையும் தவளையையும் கற்பனை செய்து கொடுத்து, அவள் அதைச் சோற்றோடு பிசைந்து சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான்.

அக்கா கத்தவில்லை. "எந்த எட்டு?" என்றார்.

அவனுக்குப் புரியவில்லை.

"நிஜமாப் போனேன்னியே, அது எந்த எட்டுடா?"

அவன் கூரையைப் பார்த்தான். விரலை மடக்கினான், விட்டான். "ஞாபகம் இல்லக்கா" என்றான்.

அப்போதுதான் அக்கா அழுதார். தடியை மடியில் வைத்துக்கொண்டு, முந்தானையால் மூடிக்கூடக் கொள்ளாமல், எங்கள் எல்லார் முன்னாலும் அழுதார். காலில் விழ வேண்டிய நேரம் அது. ஆனால் மாட்டிக்கொண்டவனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நீ மட்டும் என்னவாம்? பத்தொம்போது வருஷமா பாக்காத இடத்தத்தான நீயும் பாத்தமாதிரி வித்துட்டு இருக்க?"

"நானும் வரேன்னப்ப வேணாம்னது யாருடா? மேடு பள்ளம்னு பயங்காட்டினது யாரு?"

"நீ வந்தா..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். மீதியை அக்காவே சொன்னார்.

"நான் வந்தா நீ போகணுமே."

அவன் அறிக்கையை மேசையிலேயே விட்டுவிட்டு இறங்கிப் போனான். லிஃப்டுக்குக்கூட நிற்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கதையை நான் தலை நிமிர்ந்து சொல்லலாம். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அவன் டிக்கெட்டெல்லாம் நீதான போடுவ?"

"ஆமாக்கா."

"காட்டு."

காட்டினேன். வேறு வழியில்லை. நான் போட்ட டிக்கெட் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் வந்தது. பாதிக்குமேல் கிளம்பும் நாளன்றே ரத்து. ஒருவர் டிக்கெட்டை ரத்து செய்தால் முதலில் தகவல் வருவது எனக்குத்தான். முதல் தடவை வந்தபோது அவனைக் கேட்டேன். "பஸ்ல போய்ட்டேன்" என்றான், போன ஊரில் எனக்கென்று வாங்கியதாக ஒரு கீ செயின் கொடுத்தான். இரண்டாம் தடவையும் கேட்டேன். மூன்றாம் தடவை கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் அக்காவிடம் போய் நிற்க வேண்டும். நமக்கெதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த அறிக்கைகளை அவர் படிக்கப் படிக்க, "அப்புறம்க்கா?" என்று கேட்டுக்கொண்டும் இருந்தேன்.

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"தெரியாதுக்கா. சந்தேகம்தான்."

"எப்பலேர்ந்து?"

"நாலு வருஷம் இருக்கும்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் கைப்பையை எடுத்தார், தடியை எடுத்தார், மணி நாலுகூட ஆகாதபோது அலுவலகத்தைவிட்டுப் போனார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. போனை எடுக்கவில்லை.

ஊர் திரும்பிய அன்று கப்பல்காரர்தான் கூப்பிட்டு விவரம் சொன்னார். நாலாம் நாள் பகல் பதினோரு மணிக்கு மைதான வாசலில் பஸ்ஸிலிருந்து தடியோடு ஒரு அம்மா இறங்கியிருக்கிறார். நேராகக் கப்பல்காரரிடம் வந்து, "நான் இந்த இடத்தப் பாத்ததில்ல சார். எந்த இடத்தையும் பாத்ததில்ல. பாத்தமாதிரி வார்த்தை கொடுத்துட்டேன்" என்றாராம். பிறகு புல் பராமரிப்பவரைப் பிடித்து, அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்து, மலைமேல் இருக்கும் ஒன்பதையும் சேர்த்துப் பதினெட்டையும் பார்த்திருக்கிறார். மலைக்கு வண்டி ஏறவே கூடாது, சறுக்கும். ஆனால் முன்பாதி ஒன்பதும் சமதரை. டாக்டர் சீட்டு இருந்தால் வண்டியில் ஒரு கொடியைக் கட்டிப் புல்மேல் விடுவார்கள் என்பது அங்கே கேட்ட பிறகுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் பேசிச் சீட்டின் படத்தைப் போனிலேயே வரவழைத்து, காட்டி, அனுமதி வாங்குவதற்குள் ஒன்றரை நாள் ஓடிவிட்டது. கடைசி நாள் நாலு நண்பர்களும் முன்பாதி ஒன்பதையே இரண்டு தடவை ஆடி, பதினெட்டு முடித்தார்கள்.

"ஒரே ஒரு நாள். நாலு ஆட்டத்துக்கு ஒரு ஆட்டம்" என்றார் கப்பல்காரர். "கோவம் இல்லன்னு சொல்லமாட்டேன், இருக்கு. அந்த அம்மாகிட்டயே சொல்லிட்டேன். ஆனா அவங்களும் அன்னிக்கு முழுக்க வண்டியில எங்க பின்னாடியே வந்தாங்க. ஒவ்வொரு குழியிலயும் இறங்கி நின்னு பாத்தாங்க. மணல் பள்ளம் இவ்ளோ ஆழமா இருக்கும்னு ஒருத்தருமே எனக்குச் சொல்லலையேன்னு கேட்டாங்க."

திங்கட்கிழமை அக்கா வேலைக்கு வந்தார். மூக்கும் கன்னமும் வெயிலில் கறுத்திருந்தன. ஐம்பத்திரண்டு கோப்புகளையும் இறக்கி வைத்து, ஐம்பத்தொன்றின்மேல் 'பார்க்கவில்லை' என்று சீட்டு ஒட்டினார். தம்பியை வேலையிலிருந்து நீக்கும் கடிதத்தை முதலாளி எழுதப்போனபோது தானே எழுதித் தருவதாக வாங்கிக்கொண்டார். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டார்.

அவரிடம் ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டேன். "அவ்வளவு தூரம் எப்படிக்கா போனீங்க? டிக்கெட் கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"யாரு போட்டா?"

"ஸ்டேஷன்ல எடுத்தேன்."

"அங்க வரிசையில ரெண்டு மணி நேரம் நிக்கணுமேக்கா! இந்தக் காலோட..."

"நின்னேன்" என்றார்.

பிறகு ஐந்து மைதானங்களுக்குப் போய்வந்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் டிக்கெட் எடுக்க ஸ்டேஷனுக்கே போகிறார். வாசலுக்குப் போக என் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும்.